இருட்டறையாரின் நாற்பத்தொன்பது நாட்கள்

‘இருட்டறையார்’. பிறந்த ஆண்டு 1951. மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் 1974 முதல் 2009 வரை படம் கழுவியவர். ஒன்பதாம் வயதில் வந்த காய்ச்சல் இரு கண்களின் ஒளியையும் துடைத்துக்கொண்டு போயிற்று. அதன்பின் வெயிலும் நிழலும் அவருக்கு ஒன்றே.

ஒளி பட்டால் கெட்டுவிடும் படத்தைக் கழுவ அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். கண்ணுள்ளவர்கள் படம் கழுவும் இருட்டறைக்குள் நுழைந்தால் தடுமாறிப்போய், “ஐயா, நான் எங்க நிக்கிறேன்?” என்று கேட்பார்கள். “என் கால் மேல” என்பார். படத்தைச் சட்டத்தில் மாட்டி முதல் தொட்டியில் இறக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் மணி அடித்ததும் எடுத்து அலசி அடுத்த தொட்டிக்கு மாற்றவேண்டும். தாமதித்தால் படம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஆக, அந்த வேலைக்கு முக்கியமாக வேண்டியது விழிப்பு.

அதுதான் அவருக்கு வாய்க்கவில்லை. சில வாரம் அடித்துப்போட்டாற்போல இரவெல்லாம் தூங்குவார். சில வாரம் விடியும்வரை புரண்டு படுத்துவிட்டு நண்பகலில் தலை தொங்கிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகள் உடனிருந்த பணியாளர் தோளைத் தட்டிக் காப்பாற்றி வந்தார். 1996 பிப்ரவரியில் அவர் மாற்றலாகிப் போனார். தனியாகிவிட்ட இருட்டறையார், தூங்கினால் விழுந்தாவது விழிக்கலாம் என்று தச்சரிடம் சொல்லி முக்காலியின் ஒரு காலைக் குறைக்கச் செய்தார். ஒரே வாரத்தில், சுவரில் சாய்ந்து குட்டைக் காலைச் சரிக்கட்டித் தூங்கவும் பழகிக்கொண்டார்.

ஜூலை முப்பதாம் தேதி, முழங்கை முறிந்த ஒரு குழந்தையின் படம் கருகிப்போனது. மறுபடியும் படம் எடுக்க அந்தக் கையை நீட்டிப் பிடித்தார்கள். குழந்தை வீறிட்டது கதவைத் தாண்டி அவர் காதில் விழுந்தது.

“இருட்டறைன்னா படுக்கையறைன்னு நெனச்சீங்களா?” என்றார் தலைமை டெக்னீஷியன். கெட்ட படங்களையெல்லாம் தேதி எழுதிய உறைகளில் அவர் பத்திரப்படுத்தியிருந்தார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று பத்து நாளில் பதில் கேட்டு அந்தத் தேதிகளோடு குறிப்பாணை வந்தது.

தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மனைவி வாசித்தார். “மார்ச் அஞ்சு, ஏழு. ஏப்ரல் இருபத்திமூணு, இருபத்திநாலு. ஜூன் பதினொண்ணு. ஜூலை முப்பது.”

எதையும் பிரெயிலில் குத்தி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். குத்திய புள்ளிகளை விரலால் தடவியவர் பாதியில் நின்றார். மறுபடி தடவினார்.

“ஒவ்வொரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நாப்பத்தொன்பது நாள். பிசகவே இல்ல!”

“ஏங்க, தப்புகூட உங்களுக்கு ஒழுங்காத்தான் வருமா?”

“சோம்பேறிக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காதும்மா.”

மறுநாள் அந்தத் தாளோடு, அதே மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் முன் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் தேதிகளைப் பார்த்தார். ஒளி கொஞ்சமாவது தெரிகிறதா என்று கேட்டார்.

“துளிகூட இல்ல டாக்டர்.”

“உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குங்க. பெரும்பாலான பேருக்கு அது கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். வெளிச்சம் கண்ணு வழியா போய் தினமும் முள்ளைத் திருத்தி வைக்கும். உங்களுக்குத் திருத்த ஆளில்ல. தினம் அரைமணி தள்ளிப்போய், நாப்பத்தொன்பது நாள்ல ஒரு சுத்து வருது.”

“அப்போ இது என் புத்தி இல்லையா?”

“கடிகாரம் மெதுவா ஓடுனா அதை சோம்பேறின்னு திட்டுவீங்களா?”

முப்பத்தாறு ஆண்டுகளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிந்தபோது கைக்குட்டை தேவைப்பட்டது.

“எத்தனை நாள் தண்ணி தெளிச்சு எழுப்பியிருக்கேன்!” என்றார் மனைவி.

“தெளிச்சியா? குடத்தோட கவுத்தின.”

மருத்துவர் மெலட்டோனின் மாத்திரை எழுதித் தந்தார். உடம்பின் இரவும் ஊரின் இரவும் பொருந்திவரும் ஆகஸ்ட் இருபத்துநான்கு முதல், தினமும் மாலை ஒரே நேரத்தில் ஒன்று. மருத்துவரின் கடிதத்தைப் படித்த நிர்வாகம், நாற்பத்தொன்பது நாள் கணக்குப்படி அடுத்த தவறு வரவேண்டிய செப்டம்பர் பதினேழு வரை பொறுப்பதாகச் சொன்னது.

அந்தப் பதினேழாம் தேதி மதியம், கணவர் சாப்பாட்டை மறந்துவிட்டார் என்று சாக்குச் சொல்லி மனைவி எக்ஸ்ரே பிரிவுக்கு வந்து நின்றார். அதை எடுத்து ஒளித்து வைத்தவரும் அவரே. கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைமை டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தார். பொறுமையிழந்து கதவைத் தட்டி, கைப்பிடியில் கை வைத்தார்.

“ஐயா, முழிச்சிருக்கீங்களா?”

“முழிச்சுத்தான் இருக்கேன். நீங்க கதவைத் திறந்து படத்தைக் கெடுத்துடாதீங்க!”

கை சட்டென்று பின்வாங்கியது. உள்ளே மணி அடித்தது. உடனே தண்ணீர் சலசலத்தது. சற்று நேரத்தில், நீர் சொட்டச் சொட்ட ஒரு மார்புப் படம் வெளியே வந்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல அத்தனை தெளிவு. தலைமை டெக்னீஷியன் பெருமூச்சு விட்டு, “அம்மா, சாப்பாட்டை உள்ள குடுங்க” என்றார். தச்சர் மீண்டும் வந்து முக்காலியின் காலைச் சரிசெய்தார்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் அதே அறையில் படம் கழுவினார். தூக்கத்தால் அவர் கடைசியாக ஒரு படத்தைக் கெடுத்த நாள்: 1996, ஜூலை 30.