ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி என்னை முந்திய நாள்

அறுபதுகளின் தொடக்கம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. வயது இருபத்தேழு. ஆள் வாட்டசாட்டமாக இருப்பேன். நம்மை அசைக்க யாரும் இல்லை என்ற நினைப்பு வேறு.

கம்பெனி வாசலில் ஒரு வழக்கம் உண்டு. பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். மத்தியானம் வரை பீடி கிடையாதே என்று நான் ஒரு காரியம் செய்வேன். வேலிக்கு வெளியே தள்ளி இருந்த உடைமரத்தடியில் நின்று, வரிசையாக அஞ்சு பீடியை இழுத்துவிட்டுப் போவேன். சாப்பாட்டு நேரத்திலும் இதே கதைதான். பீடியால் வரும் ஆபத்தை வாசலிலேயே கொடுத்தாயிற்று என்று அப்படியொரு நிம்மதி. என் புத்தியைப் பாருங்கள்! காலையில் பல் விளக்கும்போது குடல் வெளியே வருகிற மாதிரி இருமுவேன். எல்லாம் பட்டாசு மருந்துத் தூசி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று மத்தியானமும் அஞ்சு பீடியை முடித்துவிட்டு உள்ளே வந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. புஸ்வாணம் காயப்போட்டிருந்த களத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பினால் வெள்ளைப் புகை! எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்று. எதையும் எடுக்காதே, வேலிக்கு வெளியே ஓடு. ஓடினோம் பாருங்கள், அப்படியொரு ஓட்டம்!

நான் பாதி தூரம்தான் போனேன். நெஞ்சுக்குள் சாக்கைத் திணித்த மாதிரி மூச்சு அடைத்துக்கொண்டது. கண் இருட்டியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். காலுக்கு ஒன்றுமில்லை, காற்றுதான் இல்லை. பின்னால் படபடவென்று வெடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் என்னைத் தாண்டி ஓடியது யார் தெரியுமா? காகிதக் குழாய் சுருட்டும் ஒரு பெண். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி! ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடினாள். அதுவரை அவளோடு ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை.

நாலு எட்டு போனவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பியே வந்துவிட்டாள்! என் கையைப் பிடித்து இழுத்தாள் ஒரு இழுப்பு. எப்படி வேலியைத் தாண்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடைமரத்தடிக்குப் போய் விழுந்த மறுநொடி மருந்து அறை கூரையோடு போயிற்று. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. நான் நின்ற இடமெல்லாம் ஓடும் செங்கலுமாகக் கிடந்தது.

மரத்தடியில் நான் போட்ட பீடித் துண்டுகள் கிடந்தன. என் மூச்சு விசில் அடிப்பதை அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அந்தத் துண்டுகளைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தக் கருமத்த விட்டுருங்க. வவுத்துல பிள்ளைய வச்சிக்கிட்டு இன்னொரு தடவ நான் திரும்பி வரமாட்டேன்" என்றாள்.

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கூனிக்குறுகிப் போனேன். என்னால் மூன்று உயிர் போயிருக்குமே!

கம்பெனி மறுபடி திறந்த அன்று காவல்காரர் பழக்கத்தில் கையை நீட்டினார். கொடுக்க ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் மடியை இரண்டு தடவை தடவினார். முதல் பத்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதைத் தொட்டாலும் எரிச்சல். பொரிகடலையை மென்று மென்று தாடை கழன்றுவிட்டது. இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் காலை இருமல் போன இடம் தெரியவில்லை. மருந்துத் தூசி என்னவோ அப்படியேதான் இருந்தது! குழம்பில் உப்பு கம்மி என்பதெல்லாம் நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. அதில் என் மனைவிக்குத்தான் வருத்தம்.

அடுத்த சீசனில் ஒருநாள், வெளியே யாரோ சருகு கொளுத்திய புகையைப் பார்த்துப் பயந்து ஆபத்து மணியை அடித்துவிட்டார்கள். மறுபடியும் ஓட்டம். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்த அவள் எனக்கு முன்னால் ஓடினாள். அவளை ஒட்டியே நானும் வேலியைத் தாண்டினேன். நெஞ்சு படபடத்தது, மூச்சு மட்டும் தடையில்லாமல் வந்தது!

"இன்னைக்கு நான் திரும்பியே பாக்கலண்ணே" என்று சிரித்தாள்.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் இந்த வயதிலும் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறி நிற்கும்போது என் காதில் கேட்பது அந்த ஒரு பாராட்டுதான்.