வயிற்றுக் கட்டி என்று சொன்னார்கள்

“வூட்டுல யாருக்காச்சும் மார்புல கட்டி, புத்துநோயி, அந்த மாதிரி இருந்துதா? அம்மா, அக்கா, சின்னம்மா, யாருக்காச்சும்?”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஜெயம்மாள் அட்டையைப் பார்த்தபடியே கேட்டார். தங்கமணி யோசிக்கவே இல்லை.

“எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி நர்ஸம்மா. அதுலதான் செத்துப்போச்சு. மார்புல யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

அவள் பொய் சொல்லவில்லை. பதின்மூன்று வருடமாக அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் கருத்தடை ஊசி அன்றைக்கு முதல் தடவையாக அவள் கையில் இறங்கியது. 2019, தை மாதம்.

தங்கமணியும் நானும் ரிஷிவந்தியம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அப்புறம் நான் படிக்கப் போனேன், பிழைக்கப் போனேன், இப்போது கடல் தாண்டி இருக்கிறேன். அவள் கரும்பு வெட்டப் போனாள். சொந்த நிலம் கிடையாது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஆட்களில் அவளும் அவள் கணவன் பச்சமுத்துவும் ஒரு ஜோடி. அவன் வெட்டுவான். அவள் தோகை உரித்து, கட்டாகக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு டிராக்டர் வரைக்கும் நடப்பாள். பெண் குழந்தைகள் இரண்டு, பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. மூன்றாவது ஐந்தாம் மாதத்தில் கரும்புக் கொல்லையிலேயே கலைந்துபோனது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். உடம்பு தேறும் முன்னால் இன்னொன்று தங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சொல்வது சுலபம். மாமியார் ராஜாம்பாளுக்குப் பேரன் வேண்டும். “ஆம்பளப் புள்ள இல்லாம வயித்த அறுத்துக்கினு வந்தீன்னா இந்த வூட்டுல ஒனக்குச் சோறு இல்ல” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். பச்சமுத்துவிடம், நீயாவது குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளேன் என்று கேட்டுப் பார்த்தாள்.

“ஆம்பள அறுத்துக்கினா இடுப்பு போயிடும்டி. அப்புறம் எவன் கட்டு தூக்குறது?”

“இப்ப மட்டும் நீயா தூக்குற?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி என்றால் கூட வேலை செய்யும் பெண்கள் பயமுறுத்தினார்கள், அது மேலே ஏறி நெஞ்சில் போய்க் குத்திக்கொள்ளுமாம். தினமும் போடும் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். ராஜாம்பாள் படி போட்டு அரிசி அள்ளும்போது அட்டை கையோடு வந்துவிட்டது. வாசலில் நின்று அதைக் குப்பையில் வீசினாள். ஊசியைத் தங்கமணி தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதை ஒளித்து வைக்கத் தேவையில்லை என்பதுதான். உடம்புக்குள் போய்விட்டால் எந்த மாமியாரும் துழாவி எடுக்க முடியாது.

சித்திரையில் இரண்டாவது ஊசி. மூன்றாவது ஆடியில் போட வேண்டியது.

ஆனிக் கடைசியில் கச்சிராயபாளையத்துப் பக்கம் இருக்கும் தன் சின்னம்மாவைப் பார்க்கப் போனாள். ராணியம்மாள், அவள் அம்மாவின் தங்கை. கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கொல்லைகளுக்குக் கூலிக்குப் போகிறவள். இரண்டு மாதமாகப் போன் எடுக்கவில்லை, கோயில் திருவிழாவுக்கும் வரவில்லை. என்னவோ ஏதோ என்று பஸ் ஏறினாள்.

ராணியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை இல்லை. அந்தப் புழுக்கத்திலும் கெட்டியான துண்டு ஒன்றைத் தோளோடு போர்த்தியிருந்தாள்.

“இன்னா சின்னம்மா, இந்த வெயில்ல போத்திகினு?”

“ஒண்ணும் இல்ல கண்ணு. சளி.”

தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். அப்போது அந்த வாடை வந்தது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். பதினேழு வயதில் நான்கு மாதம் அதோடு ஒரே வீட்டில் படுத்திருக்கிறாள். அம்மா உள்ளறையில் இப்படித்தான், ரவிக்கை இல்லாமல், துண்டு போர்த்தி. சாம்பிராணி போட்டார்கள், வேப்பிலை புகைத்தார்கள். வயிற்றுக் கட்டி உள்ளே உடைந்துவிட்டது, அதுதான் வாடை என்று சொன்னார்கள். அம்மாவுக்குத் துணி மாற்றும் நேரத்தில் மட்டும் அவளைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அவள் துண்டை இழுத்தாள். ராணியம்மாள் தடுக்கப் பார்த்துக் கையை விட்டுவிட்டாள். இடது மார்பு கல்லாக இறுகி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் வாய் திறந்த புண். அதன் மேல் மஞ்சளும் ஏதோ பச்சிலையும் அரைத்து அப்பியிருந்தார்கள்.

“எவ்ளோ நாளா?”

“போன ஆடியில சின்னதா புளியங்கொட்ட மாரி இருந்துது.”

“ஒரு வருசமா? ஆஸ்பத்திரிக்குப் போவாம இன்னா பண்ணிகினு இருந்த?”

“வேலைக்குத்தான் போய்க்கினு இருந்தேன். நோவு கம்மியாதான் இருந்துது கண்ணு.”

தங்கமணி கேட்க வேண்டியதை நேராகக் கேட்டாள்.

“எங்கம்மாவுக்கும் இதேதானா?”

ராணியம்மாள் துண்டை எடுத்து மறுபடியும் போர்த்திக்கொண்டாள்.

“செத்தப்புறம் குளிப்பாட்டினது நானும் ஒங்கப்பா கூடப்பொறந்த அத்தையும்தான். எங்க ரெண்டு பேரு கண்ணால பாத்தது. ஒனக்கு வருசத்துக்குள்ள கல்யாணம் முடிச்சாவணும். மார்ல கட்டி வந்தவளோட மவளுன்னு தெரிஞ்சா எவன் எடுப்பான்? வயித்துல கட்டின்னா யாரும் கேக்க மாட்டாங்க. பெரியவங்க கூடி அப்பிடியே சொல்லிட்டோம்.”

“எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?”

“நீ சின்னப் பொண்ணு. யாருகிட்டயாவது ஒளறிட்டீன்னா? அப்புறம் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள ஒனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க. நாளைக்கு அதுங்களையும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமில்ல?”

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கமணி எனக்குப் போனில் குரல் செய்தி அனுப்பினாள். முதல் அரை நிமிடம் பஸ் சத்தமும் அவள் மூச்சும்தான். பிறகு சொன்னாள்: “நர்ஸம்மா கேட்டாங்கடி. இல்லன்னு சொல்லிட்டேன். ரெண்டு ஊசி போட்டுக்கினேன். அம்மாவுக்கு முப்பத்தாறு வயசு. எனக்கு இப்ப முப்பது.”

இணையத்தில் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தேன், பாதிதான் படித்தேன். ஹார்மோன், மார்பகம், ஆபத்து என்ற மூன்று சொற்கள் கண்ணில் பட்டதும், “அந்த ஊசியை இனிமேல் தொடவே தொடாதே, அது விஷம்” என்று பதில் அனுப்பிவிட்டேன். மீதிப் பாதியை அப்போதே படித்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே போன மருந்தை எப்படி வெளியே எடுப்பது என்று தெரியாமல், கட்டி இருக்கிறதா என்று மார்பை அழுத்தி அழுத்திக் கன்றிப்போக வைத்திருக்கிறாள்.

மூன்றாவது ஊசிக்கான புதன்கிழமை வந்தது. ஊசிக்குப் பதில் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜெயம்மாள் முன்னால் போய் நின்றாள். ராணியம்மாளின் புண்ணைப் பார்த்து, தங்கமணி சொன்னதையும் கேட்டதும் ஜெயம்மாள் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

“இதுவா ஒங்கம்மாவுக்கும்? ஏம்மா, அன்னிக்கு அவ்ளோ தெளிவாக் கேட்டனே!”

“எனக்கே போன வாரந்தான் தெரியும் நர்ஸம்மா.”

ஜெயம்மாள் சீட்டு எழுதி, இரண்டு பேரையும் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே அழைத்துப் போனார்.

ராணியம்மாளைப் பார்த்த பெண் டாக்டர் அதிகம் கேட்கவில்லை. சோதனைக்குச் சதை எடுத்துக்கொண்டு, மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். தங்கமணியை நிதானமாகப் பரிசோதித்தார், ஸ்கேனும் எடுத்தார். எல்லாம் முடிவதற்குள் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.

“உனக்குக் கட்டி எதுவும் இல்லைம்மா. இப்படி அழுத்தி அழுத்திப் பார்க்காதே, தோல்தான் கன்றிப்போயிருக்கு.”

“அந்த ஊசி டாக்டரம்மா? அது வெசமாமே?”

“யார் சொன்னது?”

“என் ஃபிரண்டு. ஃபாரின்ல இருக்கறா.”

“ஃபாரின்ல இருந்தா டாக்டராயிட முடியுமா?” என்றாராம். எனக்கு இது வேண்டியதுதான். “குடும்பத்துல இருந்துதுங்கறதுக்காக மட்டும் ஊசியோ மாத்திரையோ கூடாதுன்னு இல்ல. ரெண்டு ஊசியால உனக்கு நோய் வந்துடாது. ஹார்மோன் இருக்கறதால மிகக் கொஞ்சமா அபாயம் கூடலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. பயந்துகிட்டே போட்டுக்கணும்னு கட்டாயம் இல்ல. காப்பர்-டியில ஹார்மோனே கிடையாது.”

“அது நெஞ்சுக்கு ஏறிடும்னு சொல்றாங்களே.”

“கர்ப்பப்பையில இருந்து நெஞ்சுக்குப் பஸ் ரூட்டே இல்லம்மா.” ஜெயம்மாளே சிரித்துவிட்டார். டாக்டர் தொடர்ந்தார்: “ஆனா மாசாமாசம் ரத்தப்போக்கு கொஞ்சம் ஜாஸ்தியாகலாம். உனக்கு ரத்தம் கம்மி. இரும்பு மாத்திரை விடாம சாப்பிடணும். ஊசின்னா அந்தத் தொந்தரவு பெரும்பாலும் இருக்காது. ரெண்டையும் சொல்லிட்டேன். எது வேணும்னு நீதான் சொல்லணும். இன்னொண்ணு, வருஷா வருஷம் வந்து மார்பைக் காட்டிட்டுப் போகணும். சின்னம்மாவுக்குப் புதுச்சேரியில, இது பரம்பரையா வர்றதான்னு பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கேன். அதுல என்ன வருதுன்னு பார்த்துட்டு உனக்கு வேணுமான்னு முடிவு பண்ணலாம்.”

காப்பர்-டி என்று தங்கமணி அங்கேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தாள். மாதம் ஐந்து நாள் துணி அலசுவது எட்டு நாள் ஆனால் ராஜாம்பாள் கண்ணுக்குத் தப்பாது. மறைத்து மறைத்து அவளுக்கும் சலித்துவிட்டது, முதலில் மாமியாரிடம் சொல்லிவிட நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ராஜாம்பாள் முறத்தில் ரேஷன் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பச்சமுத்து வேலைக்கு வெளியூர் போயிருந்தான். பெண்கள் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. தங்கமணி எதிரில் உட்கார்ந்தாள். சின்னம்மாவின் புண்ணைச் சொன்னாள். அப்புறம், கேட்டால் இந்த வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயத்தோடு, அம்மாவுக்கு வந்தது வயிற்றில் இல்லை என்பதையும் சொன்னாள்.

ராஜாம்பாள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“மார்லதானே. தெரியுமே.”

“இன்னாது?”

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியும். செத்து நாலு மாசம் ஆயும் உள்ளாறச் சுவத்துல வாட ஒட்டிகினு இருந்துது. ஒரு பொம்பளைக்கு அது தெரியாதா? ஒங்க ஊரு பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா எடுத்தீங்க?”

“நல்லா பாடுபடுற பொண்ணுன்னு எடுத்தேன். நோவு யாரு வூட்டுல இல்ல?”

எந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு பொய்யைக் கட்டினார்களோ, அந்த வீடு அதை முதல் நாளே அவிழ்த்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறது. ஊரில் தெரியாதவள் ஒருத்திதான். அந்த மார்பிலிருந்து பால் குடித்தவள்.

“எங்கிட்ட ஏன் அத்தே சொல்லல? ஒரு வார்த்த?”

“ஒனக்கே தெரியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க மறைக்கறீங்க, மறைச்சதாவே இருக்கட்டும்னு மரியாதைக்கு வாய மூடிகினு இருந்தேன்.” அப்போதுதான் ராஜாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். “நெசமாவே தெரியாதா?”

தங்கமணி தலையை ஆட்டினாள். பிறகு தன் பங்கையும் சொன்னாள், சத்தமாக, நிறுத்தாமல். “ஆறு மாசமா நான் ஊசி போட்டுக்கினு இருக்கேன் அத்தே. புள்ள தங்காம இருக்க. நாளைக்குப் போயி காப்பர்-டி வெச்சுக்கப் போறேன். இன்னொண்ணு உண்டாச்சுன்னா நான் செத்துடுவேன். அப்புறம் இதுங்க ரெண்டுகிட்டயும் நான் எதுல செத்தேன்னு நீங்க இன்னா சொல்லுவீங்களோ, எனக்குத் தெரியாது.”

ராஜாம்பாளின் கையிலிருந்த அரிசி முறத்தில் கொட்டியது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் தங்கமணி. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் காலை தங்கமணி தனியாகப் பஸ் ஏறினாள். வேலை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மதியம் திரும்பி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். ராஜாம்பாள் ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

“நோவு எடுத்துதா?”

“இல்ல அத்தே.”

“பொய் சொல்லாத.”

தங்கமணி செம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எடுத்துது. இப்பவும் எடுக்குது.”