தம்பி பிடித்த டம்ளர்

நெய்வேலி சுரங்கத்தில் வெடி வைத்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல் அதிரும். உடனே கை நீட்டி மேசை மேலிருக்கும் டம்ளரைப் பிடித்துக்கொள்வோம். சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

படிக்க ஜெர்மனி போன தம்பி இன்று மதியம் வீடியோ காலில் வந்தான். அங்கே போன நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். பேசிக்கொண்டே சட்டென்று தன் டம்ளரைப் பிடித்தான்.

அதற்குப் பிறகுதான் இங்கே ஜன்னல் அதிர்ந்தது.

"எப்படிடா முன்னாடியே தெரிஞ்சுது?" என்றேன்.

"என்னக்கா சொல்ற? இங்கதான் அதிருச்சு."

"அங்க மைன்ஸ் இருக்காப்பா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

டம்ளரைக் கீழே வைத்தான். எங்கள் ஜன்னல் அடங்கிவிட்டது. அவன் டம்ளரில் தண்ணீர் ஆடிக்கொண்டேயிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் நெய்வேலிப் பிள்ளைகளே, உங்களுக்கும் அங்கே அதிர்கிறதா? ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மா இந்தப் பதிவின் கமெண்ட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.