மல்லசமுத்திரத்திலிருந்து நெஞ்சு ஸ்கேனுக்கு ஒரு நாள்

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் ஏற்காடு, கொல்லிமலை, கொண்டப்பநாயக்கன்பட்டியில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்ற வகையறா. இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. சேலத்திலிருந்து மல்லசமுத்திரம் போய், ஒரு மனிதரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்து நெஞ்சக மருத்துவரிடம் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விட்ட கதை. போன தை மாதம், ஒரு புதன்கிழமை. கோழிப்பண்ணைகளில் கூரை வேலை பார்ப்பவர்கள் வீட்டில் யாராவது படித்தால் எனக்குப் போதும். மற்றவர்கள் ஏற்காடு பதிவுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கோகிலா என்னோடு செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிக்கூடம் படித்தவள். மல்லசமுத்திரத்தில் வாக்கப்பட்டவள். அவள் கணவர் தங்கவேலுக்கு ஒரு வருஷமாக வறட்டு இருமல், நாலு படி ஏறினால் எளப்பு. உள்ளூரில் ஊசி போட்டுப் போட்டு அலுத்துப்போய், யாரோ ஸ்கேன் எடுக்கச் சொல்லி, எடுத்தும் விட்டார்கள். அதை மருத்துவரிடம் காட்டத்தான் மனிதர் வர மறுத்தார். "நீ வந்து கூப்புட்டீன்னா மரியாதைக்காச்சும் வருவாரு புள்ள. நாஞ்சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு" என்று போன் செய்தாள்.

சேலம் புது பஸ் நிலையத்தில் காலை ஆறு பத்துக்குத் திருச்செங்கோடு பேருந்து. ஆட்டையாம்பட்டி வழி, சுமார் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். இடதுபக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஏழேகாலுக்கு இறங்கினேன். வீட்டில் தங்கவேல் இல்லை. விடியும் முன்பே பண்ணைக்குப் போய்விட்டாராம், பழைய கொட்டகை ஒன்றைப் பிரிக்கிற வேலை. கோகிலாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பண்ணைக்குப் போனேன்.

பண்ணை வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் முங்கி எழுந்துதான் உள்ளே போக வேண்டும். எங்கள் கால்களையும் செருப்போடு நனைக்கச் சொன்னார். "கோழிக்குச் சீக்கு வந்துருமுங்க" என்றார். இந்தப் பக்கம் ஒரு கோழி தும்மினால் அன்றைக்கே டாக்டர் வண்டியில் வந்து இறங்குவார். உள்ளே போகிறவர் கோழிக்கு எதையும் கொண்டுபோகக் கூடாது. வேலை முடித்து வெளியே வருகிறவர் உடம்பில் என்ன எடுத்துப் போகிறார் என்று பார்க்க எந்தத் தொட்டியும் இல்லை.

கொட்டகை மேல் தங்கவேல் நின்றிருந்தார். சிமெண்ட் அட்டை என்று இங்கே சொல்வது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத்தான். சிமெண்டில் கல்நார் இழையைக் கலந்து வார்த்தது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முடியாத இடத்தில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அட்டை உடைந்து கீழே விழுந்தது. அதில் எழுந்த வெள்ளைப் புகை அடங்குவதற்குள் அடுத்தது விழுந்தது. தங்கவேலின் மூக்கில் ஈரிழைத் துண்டு கட்டியிருந்தது. முடி, புருவம் எல்லாம் மாவு மில்லில் இருந்து வந்தவர் மாதிரி.

பண்ணைக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வந்தது. "தங்கவேலு மக பிரசவத்துக்கு வருதுங்கம்மிணி. ஊட்ல ஒரு ரூமு சேத்திப் போடறான். இந்த அட்டையில நல்லதா இருக்கறதப் பூராம் எடுத்துக்கடான்னு சொல்லிப்போட்டேன். டெம்போவும் நம்முளுதே" என்றார். கொட்டகை பிரித்தால் பழைய அட்டையைப் பிரித்தவனுக்கே விட்டுவிடுவது இந்தப் பக்கத்துப் பெருந்தன்மை. கோகிலா வீட்டுக் கூரையும் அப்படி வந்ததுதான். உடைந்த துண்டுகளையும் வீணாக்குவதில்லை. மழைக்கு வழுக்காமல் இருக்க, சுத்தியலால் பொடித்து வாசலிலிருந்து துவைக்கிற கல் வரை பரப்பியிருந்தார்கள். அந்தப் பாதையைக் கோகிலா தினமும் காலையில் பெருக்குகிறாள்.

பண்ணைக்காரரே "போயிட்டு வாடா, வேல எங்க ஓடிப்போகுது" என்று சொன்ன பிறகுதான் தங்கவேல் இறங்கினார். அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டியதும் மூன்று பேரும் எட்டரைப் பேருந்தைப் பிடித்தோம். சேலம் பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார்.

மருத்துவர் ஒரு இளம் பெண். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பீடி, சிகரெட்?"

"கையிலயே தொட்டதில்லீங்க."

"என்ன வேலை?"

தங்கவேல் என்னைப் பார்த்தார். "பண்ணை வேலைங்க" என்றார். கோழித் தூசி, இறகு, அலர்ஜி என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பப் போனது. அவர் ஏன் மறைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வேலையைச் சொன்னால் பண்ணைக்காரர் பேர் வரும். பொண்ணு கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து நின்ற மனிதரின் பேர். எனக்குப் பொறுக்கவில்லை. "இருபத்தஞ்சு வருஷமா ஆஸ்பெஸ்டாஸ் அட்டை அறுக்கறாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "மிஷின்லயா அறுப்பீங்க?"

"ஆமாங்க. கையில அறுத்தா எப்பங்க முடியறது."

"அந்தச் சட்டைய யார் துவைக்கிறாங்க?"

"நாந்தாங்க" என்றாள் கோகிலா. "நல்லா உதறிப்போட்டுத்தாங்க ஊற வெப்பேன். இல்லாட்டித் தண்ணியெல்லாம் சுண்ணாம்பாட்டம் ஆயிருமுங்க."

மருத்துவர் எழுந்து வந்து கோகிலாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். வேறு இடத்தில் வைத்தார், மறுபடி இழுக்கச் சொன்னார். அதுவரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தங்கவேல் காலைக் கீழே இறக்கினார். மருத்துவர் கோகிலாவுக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

தங்கவேலின் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது. விழுந்த தழும்பு போகாது. மூச்சுத் திணறலைக் குறைக்க மருந்து உண்டு, மேலும் மோசமாகாமல் பார்க்கலாம், புற்று வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும். இனி அட்டைப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தங்கவேல் ஒன்றுதான் கேட்டார்.

"பழைய அட்டை பரவால்லீங்களா? புதுசுலதான தூசி. வருசக்கணக்கா மழையில நனைஞ்சதுல நஞ்செல்லாம் கழுவிப் போயிருக்குமில்லீங்க?"

இந்த ஊர்ப் பக்கம் எல்லாரும் நம்புவது இதைத்தான். பழைய அட்டையை ஆசையாக வாங்கிக்கொள்வதும் அதனால்தான். "நேர்மாறுங்க" என்றார் மருத்துவர். "பழசாக ஆகச் சிமெண்ட் கரைஞ்சு இழை வெளிய வரும். லேசாத் தட்டினாலே பறக்கும்."

திரும்பும் பேருந்தில் மருத்துவர் சொன்னதையெல்லாம் நினைவிருக்கும்போதே செல்போனில் தட்டி வைத்தேன். படிக்கிறவர்களுக்கு உபயோகமான பகுதி இதுதான். மருத்துவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று நீங்களே சொல்லுங்கள். நோய் தெரிய இருபது முப்பது வருஷம்கூட ஆகும், அதனால் "எனக்கு ஒண்ணும் ஆகல" என்பதற்கு அர்த்தமே இல்லை. முழுசாக இருக்கிற கூரையைக் கிளறாதீர்கள். துளை போடுவது, தேய்ப்பது, உடைப்பதுதான் ஆபத்து. தொட்டே ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்துவிட்டு, உடைக்காமல் கழற்ற வேண்டும். மிஷின் கூடாது. துண்டு கட்டுவதும் கட்டாததும் ஒன்றுதான், நுண்ணிய தூசிக்கென்று இருக்கிற முகக்கவசம் வேண்டும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வராதீர்கள், உதறாதீர்கள், நனைத்துத் தனியாகத் துவையுங்கள். காய்ந்த தூசியைப் பெருக்கக் கூடாது. இதில் ஒன்றைக்கூட எந்தக் கடைக்காரரும் அட்டையை விற்கும்போது சொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்டையாம்பட்டி தாண்டும்போது பண்ணைக்காரர் போன் செய்தார். டெம்போவில் அட்டை ஏற்றியாகிவிட்டதாம். தங்கவேல் "வேண்டாங்க சாமி" என்றார். அந்த மனிதரிடம் அவர் வேண்டாம் என்று சொல்வது அதுதான் முதல் தடவை என்று கோகிலா பிறகு சொன்னாள். "டாக்டரு ஆகாதுங்கறாங்க... இல்லீங்க, உங்களக் கொற சொல்லுலீங்க... தகரம் போட்டுக்கறனுங்க." அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் டெம்போ பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறது. பண்ணைக்காரருக்குப் பொருளை வீணாக்க மனசு வராது. தங்கவேல் வேண்டாம் என்றதும் பக்கத்து வீட்டுக் குமரேசனுக்குக் கொடுத்துவிட்டார். குமரேசன் தறிக்குப் போகிறவன், மாட்டுக்குச் சாளை, அதாவது கொட்டகை, போட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவன். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, உங்க கட்டிங் மிசினச் சித்தெ குடுங்க. ஓரத்தப் பூராம் அறுத்து உடோணும்."

தங்கவேல் தர மாட்டேன் என்றார். காரணத்தைச் சொன்னார், டாக்டர் சொன்ன அத்தனையும் சொன்னார். குமரேசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க இத்தன வருசம் அறுத்துப்போட்டுக் கல்லாட்டம் நிக்கறீங்க. நா ஒரு நாளு அறுக்கறதுல என்னங்ணா வந்துரும்" என்றான். அரைமணி நேரத்தில் கடைவீதியிலிருந்து வாடகைக்கு மிஷின் வந்துவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் தங்கவேல் மகளுக்கான அறையை எழுப்பிக்கொண்டிருந்தார். மிஷின் சத்தம் கேட்ட உடனே வெள்ளைப் புகை சுவரைத் தாண்டி வந்து, கோகிலா காயப்போட்டிருந்த புடவை மேல் இறங்கியது. மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் தொட்டிலுக்கு என்று எடுத்துவைத்திருந்த புடவை அது.

தங்கவேல் குழாயில் ஹோஸைச் செருகினார். இழுத்துக்கொண்டு குமரேசன் வீட்டுக்குள் போனார். மிஷின் ஓடுகிற இடத்துக்கு ஓரடி தள்ளி நின்று அட்டை மேல் தண்ணீரைப் பாய்ச்ச ஆரம்பித்தார். "கரண்டு மிசினுங்ணா, ஷாக் அடிக்கும்" என்று குமரேசன் கத்தி மிஷினை நிறுத்தினான். "அப்பக் கையில அறு" என்று தன் வீட்டிலிருந்த கைரம்பத்தைக் கொடுத்தார் தங்கவேல். குமரேசன் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தான். கோகிலா ஓடிப்போய், சேலத்து மருந்துக்கடையில் வாங்கி வந்திருந்த முகக்கவசத்தைத் தங்கவேலுக்கு மாட்டிவிட்டாள். மூச்சு வாங்குகிறவருக்கு அது அடைத்தது. கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அங்க நிக்கவே கூடாதுன்னு காலைலதானுங்க சொன்னாங்க, வாங்க இந்தப் பக்கம்" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. "என்ர புள்ள இந்தச் செவுத்தோரந்தானுங்க படுக்கோணும்" என்றார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே அடுத்த அட்டையை நனைத்தார்.