ஒட்டிக்கொள்ளும் என்ற புத்தகம்

பதின்வயதுப் பிள்ளைகள் தங்களைத் திருநங்கை, திருநம்பி என்று சொல்லிக்கொள்வது, போனையும் கூட்டாளிகளையும் பார்த்துத் தொற்றுகிற பழக்கம் என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகம் தமிழில் வந்தது. டிவியில் தினமும் அதைப் பற்றித்தான் சண்டை. நான் பாட்டுக்கு எங்கள் ஊர் நூலகத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் திருநங்கை. இந்த ஊரில் பிறந்து, ஓடிப்போய், எம்.ஏ. முடித்துத் திரும்பி வந்தவள்.

ஒருநாள் ஒரு மாணவியின் அப்பா அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒட்டிக்கும்னு போட்டுக்கீறாங்க. எங்க புள்ளைங்களுக்கு நீங்க சொல்லித்தர வாணாம்."

மெட்ராஸ் ஐ வந்தவளிடம் பேசுவதுபோல் என் கண்ணைப் பார்க்காமலே பேசினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூடி, வகுப்பு இருக்கட்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதாக ஏற்பாடு.

புத்தகத்தை எரித்துவிடலாம் என்றார்கள் என் தோழிகள். எழுத்துக்குப் பயந்தால் நான் என்ன வாத்தியார்? மூன்று நாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். தவித்துப்போன பெற்றோரைப் பற்றிய பக்கங்கள் பொய்யில்லை. அங்கே பென்சில் ஓடவில்லை. மற்ற இடமெல்லாம் கிறுக்கித் தள்ளினேன்.

கூட்டத்தில் நானே எழுந்து, போனைப் பற்றிய பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். பாதியிலேயே பின்னாலிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது. என் அம்மா. பக்கத்து ஊரான களமருதூரில் நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்து நின்றிருந்தாள்.

"இன்னா போனு? அப்ப எங்க வூட்ல கரண்டே கெடையாதுங்க. ஏழு வயசுலயே எம் பொடவைய சுத்திக்கினு நின்னுச்சு. வெளக்கமாறு பிய்யப் பிய்ய அடிச்சேன், மாறல. கூட்டாளின்னு பாத்தா ரெண்டு ஆடுதான். ஆட்டுகிட்டருந்தா ஒட்டிக்கிச்சு எம் பொண்ணுக்கு?"

கூடம் அதிரச் சிரித்தார்கள். புத்தகம் கொண்டுவந்தவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை அம்மா என்னைப் 'புள்ள' என்றுதான் சொல்லுவாள். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க முடியாத சொல் அது. இப்போது ஊர் முழுக்கக் கேட்கும்படி 'எம் பொண்ணு' என்கிறாள்! ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

புத்தகம் கொண்டுவந்தவர் இந்தமுறை என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கு அஞ்சு மணிக்குத்தானேங்க கிளாசு?"

அம்மாதான் பதில் சொன்னாள்.

"அஞ்சுக்குத்தான். லேட்டா அனுப்பாதீங்க, எம் பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தி."