ரீட்டா சுருதி இறக்கிய பாட்டு

கிளாட்வின் செத்தது ஒரு திருமண மண்டபத்தின் கழிவுத் தொட்டிக்குள். மனிதனை அதற்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கழிவை உறிஞ்சுகிற லாரியும் ஊரில் இருக்கிறது. லாரி வர இரண்டு நாள் ஆகும், முகூர்த்தம் நாளைக்கு என்று மண்டபத்துக்காரர் வைத்த ஒப்பந்தக்காரர் கயிறு கட்டி இறக்கச் சொன்னார். கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது.

அவனுடைய அக்கா ரீட்டா கோவில்பத்து ஊரிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வந்து ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கோயில் பாடகற்குழுவில் பின்வரிசைக் குரல். தம்பியை அடக்கம் செய்த சில வாரங்களில் அவளுக்கு ஒரு பாட்டு வந்தது. கல்லறைத் திருநாளன்று குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வரும்போது பாடகற்குழு கூடவே பாடிக்கொண்டு போகும். தம்பியின் கல்லறையில் அன்று தன் பாட்டைக் குழு பாட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பாட்டில் ஒரு வரி இருந்தது: ‘கயிறு கட்டி இறக்கினது யார், கேளும் ஆண்டவரே.’

பாடகற்குழுத் தலைவர் சவரிநாதன், ஓய்வு பெற்ற ஆசிரியர். பாட்டைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“மெட்டு உருக்கமாத்தான் இருக்கும்மா. ஆனா என்ன ஸ்கேலு, என்ன கார்டு? ஒண்ணும் தெரியாம கீபோர்டுல என்னத்த வாசிக்கிறது? பாட்டுக் கட்டுறது படிச்சவங்க வேலை ரீட்டா.”

எத்தனையோ கதவுகளைச் சாத்தப் பயன்பட்ட சொல் அது. இசை சிலருக்கு ரத்தத்திலேயே ஊறி வருகிறது என்ற புளுகு தலைமுறை தலைமுறையாக விற்கப்படுகிறது. ரத்தத்தில் ஸ்வரம் கிடையாது. ஒரு பலகையில் பன்னிரண்டு கட்டைகள், அவற்றுக்கு நடுவே இடைவெளிகள், கொஞ்சம் கூட்டல் கழித்தல். யாரும் படிக்கலாம். ரீட்டா படித்தாள்.

தம்பியின் நண்பன் ரஃபீக் மெல்லிசைக் கச்சேரிகளில் வாசிப்பவன். தன் பழைய கீபோர்டைக் கொடுத்தான். பாடத்தைக் கைபேசி வீடியோக்களில் பார்த்தாள், பஸ்ஸில் காதில் ஒயரோடு கேட்டாள். மேஜர் ஸ்கேலுக்கு முழுப்படி, முழுப்படி, அரைப்படி என்று மடியில் விரலால் தட்டிப் பழகினாள். மூன்று ஸ்வரங்களைச் சேர்த்தால் ஒரு கார்டு என்றும், அதில் நடு ஸ்வரத்தை அரைப்படி இறக்கினால் மேஜர் மைனராகிவிடும் என்றும் கண்டபோது, ஒரு விரல் நகர்ந்ததில் வீடே இருண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. தன் மெட்டு ஏ மைனர் என்று கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வரிக்கும் மேலே கார்டுகளை எழுதிக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

கோயில் கீபோர்டில் அவள் எழுதியபடியே வாசித்தார்கள். இரண்டாவது அடியிலேயே பெண்களின் குரல் கீச்சிட்டது. ஆண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

“ரீட்டா, இது கல்லறைப் பாட்டா, ரயில் விசிலா?” என்றாள் முன்வரிசை செல்வம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் இறங்கிப் பாடிய பாட்டு கோயிலில் எப்படி ஏறிப்போனது? மறுநாள் கீபோர்டோடு ரஃபீக்கின் வாசலில் போய் நின்றாள். அவன் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

“அக்கா, நான் வெள்ளைக் கட்டையிலயே வாசிச்சிருவேன். கறுப்புப் பக்கமே போவ மாட்டேன். பாடுறவங்க குரலுக்குத் தக்கன இந்த டிரான்ஸ்போஸ் பட்டனை ஏத்தி இறக்கிக்குவேன். மைனஸ் நாலுலயே கெடந்திருக்கு. அணைச்சாலும் அழியாது, சனியன்.”

“குடுக்கும்போது சொல்றதுக்கு என்ன?”

“நீங்க ரெண்டு நாள் தட்டிட்டு வச்சிருவீங்கன்னுல்ல நெனச்சேன்.”

அவள் அழுத்திய கட்டை ஒன்று, ஒலித்தது அதற்கு நாலு அரைப்படி கீழே. அந்தத் தவறுதான் அவளுக்கு உண்மையான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது. மெட்டு அப்படியே இருக்க, சுருதியை யார் பாடப் போகிறார்களோ அவர்கள் தொண்டையைப் பார்த்து வைக்க வேண்டும்.

நாலு அரைப்படி இறக்கி எஃப் மைனரில் எழுதிக்கொண்டு போனாள். இம்முறை குழு முழுப் பாட்டையும் பாடியது. யாரும் சிரிக்கவில்லை. சவரிநாதன் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“எல்லாம் சரியா இருக்கும்மா. அந்த ஒரு வரி மட்டும். மண்டபத்துக்காரர் குடும்பமும் அன்னிக்கு வரும். நம்ம பங்குக்கு ரொம்ப வேண்டியவங்க. ‘அழைத்தது நீரே ஆண்டவரே’ன்னு மாத்திரு.”

“ஆண்டவரா சார் அழைச்சாரு?”

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அவள் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்கேல், கார்டு எல்லாம் வெறும் சாக்கு என்று தெரிந்துபோயிற்று. கற்றது மட்டும் அவளிடம் இருந்தது.

தம்பியோடு வேலை செய்தவர்களைத் தேடிப் போனாள். பாடிப் பழக்கமில்லாத ஆண்கள். ஒவ்வொருவரையும் முனகச் சொல்லி, எதுவரை ஏறுகிறது, எதுவரை இறங்குகிறது என்று கட்டையில் தொட்டுப் பார்த்தாள். சுருதியை இன்னும் இரண்டு அரைப்படி இறக்கினாள். மாறன் என்பவன் மட்டும் முனக மறுத்தான்.

“எனக்கு வேணாம்க்கா. கயித்தப் புடிச்சிருந்தது நான்தான்.”

ரீட்டா கட்டையிலிருந்து விரலை எடுத்தாள்.

“இறக்கச் சொன்னது யாரு?”

“உங்களுக்குத் தெரியாதாக்கா?”

சவரிநாதனுக்காக மாற்றாத வரியை அங்கேயே மாற்றினாள்: ‘கயிறு கட்டி இறக்கச் சொன்னது யார், கேளும் ஆண்டவரே.’ வரி சற்று நீண்டுவிட்டது. ‘சொன்னது’ உட்காருவதற்காக அந்த இடத்தில் தாளத்தை ஓர் எண்ணிக்கை நீட்டினாள்.

கல்லறைத் திருநாள் மாலை. கிளாட்வினின் கல்லறையில் பாடகற்குழு வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. மெழுகுவத்திகளுக்கு இப்பால் ரஃபீக் பேட்டரியில் ஓடும் கீபோர்டில் முதல் கார்டைப் பிடித்தான். கிளாட்வினோடு வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்கள். மண்டபத்துக்காரர் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வரி வந்தபோது மாறனும் பாடினான். மற்ற வரிகளை அவன் பாடவில்லை.