பாராட்டும் கல் உப்பும்

இந்த ஊரில் பிள்ளை ஷூவை மாட்டினாலும் பாராட்டுகிறார்கள், கழற்றி வைத்தாலும் பாராட்டுகிறார்கள். மெல்பர்னுக்கு வந்த புதிதில், பள்ளி வாசலில் அந்தக் 'குட் ஜாப்' கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நாலு பேர் காதுபடச் சொந்தப் பிள்ளையைப் புகழ்கிறார்களே, கண் படாதா என்று பதறவும் செய்யும். என் மகள் யாழினி பள்ளியில் சேர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. வகுப்பில் சத்தம் கூடினால் அவளுக்குத் தாங்காது. கையில் கிடைத்ததை வீசிவிட்டு மேசைக்கடியில் புகுந்துகொள்வாள். அதனால் மதியம் வரைதான் பள்ளி. அவளுக்கென்று ஒரு திட்டம் போட்டார்கள். வீசத் தோன்றினால் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், காட்டினால் வெளியே போய்ச் சற்று நேரம் உட்காரலாம். காட்டிய உடனே பெரியவர்கள் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும், வீட்டிலும்தான். இது பிடிபட்டால் முழு நாளும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

பள்ளியில் அட்டை மெல்ல மேலே வந்தது. வீட்டில் மட்டும் தட்டுகள் பறந்தன. ஆசிரியை ஹெலன் என்னைக் கூப்பிட்டு, அவள் அட்டையைக் காட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்ல மாட்டேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "உங்களுக்கு அதில் மகிழ்ச்சி இல்லையா?"

"ரொம்ப மகிழ்ச்சி. அதனால்தான் வாயைத் திறப்பதில்லை."



அவருக்கு எப்படி விளக்குவேன்? ராஜபாளையத்தில் படித்தபோது ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். பக்கத்து வீட்டில் விசாரித்ததற்கு, "என்னத்த ஓடுனா, கழுத" என்றார் அம்மா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சாயங்காலம் என்னை நிற்கவைத்து, கை நிறையக் கல் உப்பை எடுத்துத் தலையைச் சுற்றித் தண்ணீரில் போட்டார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை ஓடலாம்! எங்கள் வீட்டில் கைதட்டல் என்றால் அதுதான்.

மம்சாபுரத்தில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"ஏட்டி, கண்ணு பட்டுரும்னுதான பயப்படுத? பிள்ளைய நல்லா மெச்சு. பொறவு சுத்திப் போட்டுரு. அம்புட்டுதான், இதுக்குப் போயி மருகிக்கிட்டுக் கெடக்க!"

அன்றே யாழினி மிக்சி சத்தத்துக்கு அட்டையைத் தூக்கினாள். "எம்புட்டு அழகாக் காட்டிட்ட, எந் தங்கம்!" என்று கத்தியே விட்டேன். கையோடு உப்பையும் சுற்றினேன். உப்பு கரைவதைப் பார்ப்பது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. தட்டுகள் பறப்பது குறைந்தது. ஹெலன் 'சால்ட்' என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார், சாப்பிடக் கொடுக்க மாட்டீர்களே என்று கவலையோடு கேட்டுவிட்டுத்தான்.

போன வாரம் முதல் முறையாகக் கடைசி மணி அடிக்கும்வரை யாழினி வகுப்பில் இருந்தாள். பள்ளி வாசலில் அத்தனை பெற்றோர் காதிலும் விழும்படி நான் தமிழில் புகழ்ந்து தள்ளினேன். வீட்டுக்கு வந்து உப்பு ஜாடியைத் தேடினால், அது அவள் கையில்.

"இன்னைக்கு நீயும் நல்லா மெச்சுன. உக்காரும்மா."

தரையில் உட்கார்ந்தேன். "மம்சாபுரம் கண்ணு, மெல்பர்ன் கண்ணு, மிஸ் கண்ணு, எல்லாம் போ!" என்று என் தலையைச் சுற்றி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். இரண்டு ஊர்க் கண்ணும் ஒரே கிண்ணத்தில் கரைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குட் ஜாப், உப்பு" என்றாள் யாழினி.